மூணு புள்ளிக்காரரின் சட்டை

தேய்ப்புப் பெட்டி இன்னும் காயவில்லை. எச்சில் தொட்ட விரலை அடியில் வைத்துப் பார்த்தாள் பூச்செண்டு. சுர்ரென்று பேச வேண்டிய இரும்பு ஈரத்தை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது. நமுத்த கரி. மழை பிடித்துவிட்டால் இந்த ராணுவச் சலவைக்கூடத்துக்கு வருகிற கரியெல்லாம் இப்படித்தான், புகைய மட்டும் தெரியும். விசிறியை எடுத்து நாலு வீசு வீசினாள். மணி பத்தேகால் இருக்கும். பன்னிரண்டு அடித்தால் டிரைவர்கள் வந்து நிற்பார்கள். ஒன்பது மந்திரிக்கு ஒன்பது உடுப்பு, ரெண்டு மணிக்கு ஏரி வீட்டில் கூட்டம், ஜெனரல் வருகிற கூட்டம், ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. ஆறு உடுப்பு முடிந்து கம்பியில் தலையில்லாத ஆட்கள் மாதிரி வரிசையாகத் தொங்குகின்றன. மீதி மூணு. அதில் ஒன்றைக் காலையிலிருந்து அடியில் தள்ளிக்கொண்டே வருகிறாள். மேலே வந்தால் அடியில் தள்ளுகிறாள், வேறொன்றை எடுக்கிறாள், திரும்பினால் அதுதான் மேலே கிடக்கிறது. நாய்க்குட்டி மாதிரி காலைச் சுற்றுகிறது. பெட்டி காயாதவரைக்கும் நல்லதுதான் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே விசிறினாள். காயக் கூடாது என்கிறவள் எதற்கு விசிறுகிறாள்.

மந்திரிகளின் பெயர் அவளுக்குச் சரியாக வாயில் நுழையாது. எட்டு வருஷமாக அவர்கள் துணியைத் தேய்க்கிறாள், ஒருவர் முகத்தையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. குறிதான் தெரியும். சேராங்கொட்டைப் பாலை ஊசியில் தொட்டு, காலரின் உள்பக்கம், பிடரியில் படுகிற இடத்தில் புள்ளியும் கோடுமாக வைத்து, மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் அந்தத் துணி கந்தலாகிற வரைக்கும் அழியாது. ஒத்தைப் புள்ளி ஜெனரல். ரெண்டு புள்ளி உள்நாடு. மூணு புள்ளி ரயில். ஒரு கோடு பள்ளிக்கூடம், அவர் பீரங்கிப் படையில் இருந்தவராம், வாத்தியார்களை வெயிலில் நிற்க வைத்து எண்ணுவாராம். சிலுவை மாதிரி போட்டது ஆஸ்பத்திரி மந்திரி, சட்டைப் பை முழுக்கச் சுருட்டுத் தூள். வட்டம் விவசாயம், கப்பல்படைக்காரர், நெல்லு மரத்தில் காய்க்கிறதா என்று கேட்டதாக டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். தங்கள் பிடரியில் இப்படி ஒரு குறி உட்கார்ந்திருப்பது அந்த மகராசன்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணாடியில் நெஞ்சைத்தானே பார்ப்பார்கள், மெடலைத்தானே பார்ப்பார்கள். குறி ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. ஆள் போனால் அடுத்தவன் துணியில் அதே குறி. ஒரு குறியில் ரெண்டு ஆள் ஒரு நாளும் இருக்க முடியாது, இருந்தால் துணி மாறிப் போகும். அதுதான் கூடத்தின் முதல் சட்டம்.

காலையில் எட்டு மணிக்கு ஸ்டோர் சார்ஜென்ட் புது உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். கடைமடிப்புக் கலையாத துணி, தையல்காரன் சாக்குக்கட்டி வாசம் போகவில்லை. “இதுக்கு மூணு புள்ளி வை. இன்னைக்கே காயணும்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டான். ரயில் மந்திரிக்கு மாற்றுடுப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். எடுத்து விரித்தாள். ரயில் மந்திரி தொந்திக்காரர், இடுப்பு நாற்பத்தி நாலு, அவர் சட்டையை விரித்தால் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கும். இது ஒல்லி ஆள் சட்டை. உயரமான, தோள் ஒடுங்கின, வயிறே இல்லாத ஒரு ஆள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் புள்ளி வைத்தாள். ரெண்டாம் புள்ளி வைக்கும்போது சேராங்கொட்டைப் பால் விரலில் பட்டது. இப்போது கொப்புளம் போட்டிருக்கிறது. மூணாவதையும் வைத்தாள். வைக்காமல் என்ன செய்ய. அந்தச் சட்டை அதோ ஜன்னலோரம் காய்கிறது, ரயில் மந்திரி இன்னும் மந்திரியாக இருக்கும்போதே. அவருக்கு டிரைவர் மாயழகு. பூச்செண்டின் புருஷன்.

போன மழைக்கும் இப்படித்தான் ஒரு புதுத்துணி வந்தது, வட்டக்குறிக்கு. வியாழக்கிழமை குறி வைத்தாள், வெள்ளிக்கிழமை வட்டக்கார மந்திரி ஏரி வீட்டுக் கூட்டத்துக்குப் போனார், சனிக்கிழமை புது மந்திரி சத்தியம் செய்ததை ரேடியோ சொன்னது. பழையவர் உடல்நிலை காரணமாக ஓய்வு என்றது. அவருடைய டிரைவர் சவரிமுத்துவுக்கு ஒரு வியாதியும் இல்லை, அவனும் வரவில்லை. மந்திரி எங்கே போனார், யார் கூட்டிப் போனார்கள் என்று பார்த்தவன் ஆயிற்றே. வண்டி மட்டும் வந்தது, கழுவித் துடைத்து. பத்து நாள் கழித்து ஸ்டோர் அழுக்கு மூட்டையில் ஒரு காக்கிச் சட்டை. டிரைவர் சட்டை. ரெண்டாவது பொத்தான் கறுப்பு நூலில் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருந்தது. சவரிமுத்து பெண்டாட்டி மரியபுஷ்பம் தைத்தது, காக்கி நூல் கிடைக்கலேடி என்று பூச்செண்டின் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் தைத்தாள். காலரிலிருந்து முதுகு வரைக்கும் காய்ந்து மொடமொடவென்று. குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போட வேண்டும், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். ஊறப் போட்டாள், உப்பு வைத்துத் தேய்த்தாள், மூணு தண்ணீர் மாற்றினாள், கஞ்சி போட்டாள், தேய்த்து மடித்து ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினாள். அந்தக் கறுப்பு நூலை அறுக்கவும் இல்லை. மரியபுஷ்பத்திடம் சொல்லவும் இல்லை. இப்போதும் குழாயடியில் பார்த்தால், ஏண்டி பூச்செண்டு, உள்ளதான இருக்க, எதாச்சும் காதுல விழுந்துச்சா என்பாள். இல்லக்கா என்பாள் இவள். குடம் நிரம்புகிற வரைக்கும் இல்லக்கா இல்லக்கா.

சுர். விரல் சொல்லிவிட்டது, பெட்டி காய்ந்துவிட்டது. சிலுவைக்காரர் கால்சட்டையை எடுத்தாள். தண்ணீர் தெளித்தாள். மடிப்பு பிடித்தாள். மாயழகிடம் சொன்னால் என்ன. வந்ததும் காதைக் கடித்தால் என்ன. மச்சான், வண்டி எடுக்காத, வயித்துவலின்னு படுத்துரு. படுக்க மாட்டான். அந்த ஆளுக்கு முகத்தில் ஒன்றும் தங்காது, வாங்கின மீன் நாறுகிறது என்றாலே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதுக்கு மேல், மந்திரிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம் பூச்செண்டு, பாவம், நம்ம மக தங்கப்பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னப்ப மாத்திரை குடுத்த மனுஷன் என்பான். நாலு மாத்திரை. அதே மனுஷன்தான் ரயில் கொட்டகையில் வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது, பழைய வட்டக்காரரைத் தூக்கிப் போன கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தது. மாத்திரை கொடுத்தது மட்டும் மாயழகுக்கு ஞாபகம் இருக்கும். ஓடிவிடு என்றால் எங்கே ஓடுவது. பாட்டன் ஏறி வந்த கப்பல் இப்போது ஓடுவதில்லை. டிரைவர் ஓடிப் போனால் லைன் வீட்டுக்குத்தான் வருவார்கள், தங்கப்பிள்ளைக்கு மூணு வயசு. மாயழகுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. ஒன்றும் தெரியாமல், அவர்களே அவனைப் பிடித்து, அவர்களே அடைத்து வைத்தால்தான்.

அடைத்து வைத்தால்தான். இந்த நினைப்பு எங்கேயிருந்து வந்தது. கால்சட்டையின் மறுகாலைப் புரட்டினாள். வந்ததல்ல, காலையிலிருந்து உள்ளேதான் இருக்கிறது, அந்தச் சட்டையை அடியில் தள்ளினபோதெல்லாம் அதையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறாள். கூடத்தின் ரெண்டாவது சட்டம்: உடுப்பைக் கொண்டுவந்து போட்டு நோட்டில் கையெழுத்து வைத்த டிரைவர்தான் அதற்கு ஜவாப்தாரி. கறை பட்டாலும் கருகினாலும் மூணு நாள் காவல் கொட்டடி. போன வருஷம் ஒரு கால்சட்டையில் நீலம் திட்டாகப் பிடித்து, புண்ணியமூர்த்தி டிரைவர் உள்ளே போனான். மூணாம் நாள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். நல்ல தூக்கம் தங்கச்சி, பேன்தான் கொஞ்சம் ஜாஸ்தி, இன்னொரு தரம் நீலத்தைக் கொட்டு, தீபாவளிக்குப் போயிட்டு வாரேன் என்றான். இன்றைக்கு இந்த நாட்டில் மாயழகுக்கு அந்தக் கொட்டடியை விடப் பத்திரமான இடம் இல்லை. ஒரு சட்டை கருக வேண்டும். அவ்வளவுதான். மந்திரி வேறு உடுப்பைப் போட்டுக்கொண்டு போவார், கூட்டம் நடக்கும், நடக்கிறது நடக்கும். வண்டியை மாற்று டிரைவர் எடுத்துப் போவான்.

மாற்று டிரைவர். சிலுவைக்காரர் கால்சட்டையைக் கம்பியில் போட்டாள், சட்டையை எடுத்தாள். மாற்று டிரைவர் என்றால் மாற்று டிரைவர்தான். பட்டியலில் யாராவது இருப்பார்கள். கைப்பட்டியில் மடிப்பு பிசகியது, மறுபடி தண்ணீர் தெளித்தாள். சார்ஜென்ட் யாரைக் கூப்பிடுகிறானோ, அவளுக்கு என்ன தெரியும், அவள் தேய்க்கிறவள். சுருட்டுத் தூளைப் பையிலிருந்து தட்டினாள். மாற்று டிரைவர் ஷெட்டில் பெஞ்சில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருப்பான். காலையில் அவள் பிள்ளையை அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, தாயக்கட்டையை மடியில் கட்டிக்கொண்டு, ரத்த சொந்தமில்லாவிட்டாலும் முறை வைத்து, வாங்க மதினி, உங்க மகள் எங்க வீட்டு மருமகள், வலதுகால எடுத்து வச்சு வரச் சொல்லுங்க என்றான். இல்லை. அதை நினைக்க வேண்டாம். ஒத்தைக் கோடு சட்டையை எடுத்தாள். அதற்குக் காலர் தனியாகத் தேய்க்க வேண்டும். அவனுக்குக் கல்யாணம் முடிந்து ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்து, முந்தாநாளோடு நாற்பது நாள் ஆன ஆம்பளைப்பிள்ளை. பிரசவத்தில் அவன் பெண்டாட்டி ராக்குவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள்தான், தொப்புள்கொடி அறுத்த கத்தரி இவளுடையது. தங்கப்பிள்ளையைப் பகலெல்லாம் ராக்குதான் வைத்துக்கொள்கிறாள், தன் பிள்ளைக்குப் போடுகிற தூளியிலேயே அந்தக் குட்டியையும் உட்கார்த்தி ஆட்டுகிறாள். மாற்று டிரைவர் சந்தனம். இன்றைக்குப் பட்டியலில் ஒரே ஒரு மாற்று டிரைவர்தான், அது சந்தனம்தான், அது எட்டு மணியிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

பெயர் வந்துவிட்டது, கை மட்டும் நிற்கவில்லை. ஒத்தைக் கோடு முடிந்து கம்பிக்குப் போயிற்று. கையா அது, மிஷினா. மேசையில் ஒரே ஒரு சட்டை. மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. வெளியே யாரோ கொடியில் போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். மூணு புள்ளிக்காரரின் சட்டையை விரித்தாள், மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கியது. அக்குளில் மஞ்சள் கறை போகவே போகாது, பயந்தவர்களின் வேர்வை அப்படி. முதுகைத் தேய்த்தாள். மாயழகு இல்லாவிட்டால் சந்தனம். சந்தனம் இல்லாவிட்டால் மாயழகு. ரெண்டு பேருமே வேண்டாமென்றால் மூணாவது ஒருத்தன், அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டுத் தூளியை அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கையைத் தேய்த்தாள். ஒருவேளை இந்தத் தடவை டிரைவரை விட்டுவிடுவார்கள். ஒருவேளை சவரிமுத்து எங்கேயோ உயிரோடு. அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவள். மூணு தண்ணீர். நெஞ்சுப்பக்கத்தைப் புரட்டினாள். மாயழகு தூங்கும்போது ஒரு கை இவள் வயிற்றின் மேல் கிடக்கும், கனமான கை, கியர் போட்டுப் போட்டுக் காய்த்த கை, எடுத்துப் போடு மச்சான் என்று தள்ளிவிடுவாள். சட்டைப்பையின் மேல் பெட்டியை வைத்தாள். மெடல் வருகிற இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே. மறைக்க முடியாத இடம். அதை எப்போது பார்த்து வைத்தாள். நகர்த்த வேண்டும். எட்டு வருஷத்தில் ஒரு துணியும் அவள் கையில் கருகினதில்லை. நகர்த்தலாம், இன்னும் நேரம் இருக்கிறது, இந்த மூச்சில் நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. ராக்கு தலையில் துணி கட்டிக்கொண்டு பால் கொடுக்கிறாள். தங்கப்பிள்ளை அவள் முதுகில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். இந்த மூச்சில். முடி கருகுகிற மாதிரி முதலில் ஒரு வாசம் வந்தது, அப்புறம் சோறு அடிப்பிடிக்கிற வாசம், கஞ்சிதானே, அரிசிதானே. பெட்டியை எடுத்தபோது பழுப்பாக, நுனி கூர்மையாக, பெட்டியின் வடிவமே சட்டையில் உட்கார்ந்திருந்தது.

மாயழகு பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மழையைத் திட்டிக்கொண்டு. சட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “என்ன பூச்செண்டு இது. உன் கைதானா” என்றான் மெதுவாக. அவள் வாயைத் திறப்பதற்குள் சார்ஜென்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்தான்.

“என்ன வாசம்?”

“பெட்டி திடீர்னு சூடேறிருச்சு சார். நமுத்த கரி” என்றாள் பூச்செண்டு. இந்த வாக்கியத்தை ஒரு மணி நேரமாக வைத்திருந்தாள். வெளியே வந்தபோது அது நன்றாகத் தேய்த்து மடித்த வாக்கியமாகவே வந்தது, அதனால்தானோ என்னவோ சார்ஜென்ட் அவளை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தான்.

“என் தப்பு சார். நான்தான் சீக்கிரமே வந்து அவகிட்ட வாயடிச்சுக்கிட்டு நின்னேன்” என்றான் மாயழகு. முகத்தில் ஒன்றும் தங்காத ஆள். அவன் பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாகச் சொல்கிறான். சார்ஜென்ட் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தான், பலமாகக்கூட இல்லை, முறைக்கு. “இன்னைக்குப் போய்” என்று முணுமுணுத்தான். சிப்பாய் வந்து மாயழகின் தோளைத் தொட்டான். போகிறபோது மாயழகு திரும்பி, “பிள்ளைய மழையில நனைய விடாதே. மூணு நாளுதான், மூஞ்சியத் தூக்காத” என்று சிரித்தான். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. அவள் தலையை ஆட்டினாள். கொட்டடிக் கதவின் தாழ் விழுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். கேட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்தது. வெட்கமே இல்லாமல் படுத்தது.

அப்புறம் சந்தனம் வந்தான். மழையில் குதித்துக் குதித்து, ஒரு காக்கிச் சட்டையைப் பனியனுக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு. “என்ன மதினி, அண்ணனை மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களாமே” என்றான். “எனக்குப் பெரிய வண்டி. வந்து நாலு வருசமாச்சு, டயருக்குக் காத்தடிச்சதோட சரி, அதோட ஸ்டியரிங்கத் தொட்டதில்ல. ஸ்டோர்ல டூட்டிச் சட்டை குடுத்தாங்க, மடிச்சு மடிச்சு வச்சு அப்பளம் மாதிரி இருக்கு. ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்க. கருக்கிராதீங்க, எனக்கு உள்ள போக நேரமில்ல.”

கூடத்தில் வேறு யாரும் இல்லை. சார்ஜென்ட் கூடக் குடையைத் தேடிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டான். மழைச் சத்தத்தில் என்ன சொன்னாலும் வெளியே போகாது. கொழுந்தனாரே, போகாதீங்க. மூணு வார்த்தைகூட இல்லை. சொன்னால் இவன் போகமாட்டான், இவன் மாயழகு மாதிரி இல்லை, சூட்சுமக்காரன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இங்கேயே உருண்டுவிடுவான். பட்டியலில் வேறு ஆள் இல்லை. சார்ஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், கொட்டடியைத் திற என்பான், கன்னத்தில் நாலு விரலோடு மாயழகு எழுந்து வருவான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அவள் சட்டையை வாங்கி மேசையில் விரித்தாள். நல்ல துணி. நன்றாகத் துவைத்த துணி. முதுகில் ஒரு திட்டும் இல்லை. ரெண்டாவது பொத்தான் கறுப்பு நூலில் பெருக்கல் குறி.

“என்ன மதினி பாக்குறீங்க, கிழிஞ்சிருக்கா?”

“இல்ல” என்றாள். காலரைத் தேய்த்தாள். முதுகைத் தேய்த்தாள். முன்பக்கம் வந்தபோது பெட்டியின் நுனியை ஒவ்வொரு பொத்தானையும் சுற்றிக் கொண்டுபோனாள், முதல் பொத்தான், ரெண்டாவது பொத்தான், நூல் கருகிவிடாமல், மூணாவது. இவ்வளவு பதமாக இன்றைக்கு அவள் எந்த மந்திரிக்கும் தேய்க்கவில்லை. சந்தனம் அங்கேயே போட்டுக்கொண்டான், பொத்தான் போட்டுக்கொண்டு தோளைக் குலுக்கினான்.

“கதகதன்னு இருக்கு. குளிருக்கு நல்லாருக்கு” என்றான். “சாயந்திரம் பிள்ளையத் தூக்க வீட்டுக்குப் போவீங்கள்ல. ராக்குகிட்டச் சொல்லிருங்க, பெரிய வண்டில போயிருக்கேன், வர நேரமாகும்னு. பிள்ளைக்கு ஒரசுற வசம்பு தீந்துபோச்சுன்னு காலையில சொன்னா, அதையும் நானே வாங்கியாறேன்னு சொல்லிருங்க.”

“சொல்றேன்” என்றாள்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது, முதலில் ஒரு தரம் அடங்கிப்போய், மறுபடி பிடித்து. சின்னக் குழந்தை மாதிரி ஹாரனை ரெண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். பெட்டியில் கரி இப்போதுதான் நன்றாகச் சிவந்து கனிந்திருந்தது. வீணாக்கக் கூடாது. ஜன்னலோரம் போய்ப் புதுச் சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தாள். மூணு புள்ளியும் காய்ந்திருந்தன. எடுத்து வந்து மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ராக்கு வீட்டுக்குப் போக வேண்டும், கடைவீதி வழியாகப் போனால், வசம்பை அவளே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.